பிளஸ் ஒன் குரூப் பற்றிப் பெற்றோரிடம் பேச ஆள் வேண்டும்

வணக்கம். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் பிளஸ் ஒன் சேரப் போகிறார்கள். எந்த குரூப் எடுப்பது என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேச ஆள் தேவை. ஒரு பெண்ணுக்கு ஆசை இன்ஜினியரிங். தோழி பேச்சைக் கேட்டுக் காமர்ஸ் கேட்கிறாள். இன்னொரு வீட்டில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றப் பார்க்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியலில் அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு. நடுவில் மாற்றினால் போச்சு! இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும், எங்கள் பேச்சு எடுபடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் யாராவது ஒரு ஞாயிறு காலை வர முடியுமா? அப்புறம், பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளில் எங்கே எந்த குரூப் இருக்கிறது என்று தெரிந்தவர்களும் கீழே எழுதுங்கள்.