எம்.ஆர்.ஐ. நார்மல், எல்.பி. பிரஷர் 27: ஐ.ஐ.எச். என்று எழுதலாமா?

பீடியா_பிஜி

8 வயதுப் பையன், 24 கிலோ, குண்டு கிடையாது. மூன்று வாரமாகத் தலைவலி, காலையில் அதிகம், இரண்டு முறை வாந்தி. இரண்டு கண்ணிலும் டிஸ்க் (பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டம்) ஓரம் கலங்கியிருப்பதாகக் கண் பிரிவில் எழுதியிருக்கிறார்கள். பார்வை 6/6. எம்.ஆர்.ஐ. மூளை நார்மல். மயக்கம் கொடுத்து எல்.பி. (முதுகில் ஊசி போட்டு மூளைநீர் எடுப்பது) செய்ததில் ஓப்பனிங் பிரஷர் (அந்த நீரின் தொடக்க அழுத்தம்) 27 செ.மீ.; செல், புரோட்டீன், சர்க்கரை எல்லாம் சரி. 25-க்கு மேல் போய்விட்டதே, ஐ.ஐ.எச். (காரணம் தெரியாமல் மண்டைக்குள் அழுத்தம் கூடும் நோய்) என்று எழுதி டயமாக்ஸ் (அசெட்டசோலமைடு, மூளைநீர் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை) ஆரம்பிக்கலாமா? டோஸ் எவ்வளவு?

நியூரோ_கிருஷ்ணகிரி

25 என்பது பெரியவர்களுக்கான எல்லை. குழந்தைக்கு 28. குண்டாகவும் இல்லாமல் மயக்கமும் கொடுக்காமல் அளந்திருந்தால்தான் 25-ஐ எடுத்துக்கொள்ளலாம். இவனுக்கு மயக்கம் கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே 27 எல்லைக்குள்தான். டிஸ்க் வீக்கம் நிஜம், மற்றதெல்லாம் பொருந்துகிறது, பிரஷர் மட்டும் எட்டவில்லை என்றால் இந்த நோய்க்கான 2013 வரையறைப்படி ‘இருக்கக்கூடும்’ என்று எழுதலாம், ‘உறுதி’ என்று எழுத முடியாது.

அந்த 27 எப்படி வந்தது என்றும் பாருங்கள். ஊசி உள்ளே போனதும் காலை நீட்டிவிட்டார்களா? முழங்காலை வயிற்றோடு அழுத்திப் பிடித்த நிலையில் அளந்தால் எண் ஏறும். மயக்கத்தில் மூச்சு குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் ஏறும். குழாயில் நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, அது ஒரு நிலைக்கு வந்த பிறகு படிக்க வேண்டும். சாம்பிள் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எம்.ஆர்.வி. (மூளைச் சிரைக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) எடுத்தீர்களா? அதைப் பற்றி ஒரு வரியும் காணோம். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் சிரைக்குழாய் அடைப்பு தப்பிப்போகும். காதில் சீழ், நீர்ச்சத்துக் குறைவு, நெஃப்ரோடிக் (சிறுநீரில் புரதம் போகும் நோய்), ரத்தசோகை இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அடைப்பு என்றால் வைத்தியமே வேறு, ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து). கான்ட்ராஸ்ட் வைத்தே கேளுங்கள். கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில், பிறவியிலேயே சிறுத்த இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் (மூளையின் பெரிய சிரைக்குழாய்களில் ஒன்று) அடைப்பு மாதிரியே தெரியும்.

கண்நரம்பு

‘ஓரம் கலங்கல்’ என்றால் வீக்கம் என்று அர்த்தமில்லை. புதைந்த டிரூசன் (டிஸ்க்கில் படியும் சிறு கட்டிகள்), தூரப்பார்வைக் கண்ணில் நெரிசலான சின்ன டிஸ்க், இரண்டுமே இப்படித்தான் தெரியும். பி-ஸ்கேன் (கண் அல்ட்ராசவுண்ட்) போட்டு கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) குறைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு படிந்த டிரூசன் என்றால் மற்ற எதிரொலியெல்லாம் மங்கிய பிறகும் அந்தப் புள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கும். டிஸ்க் மேல் ரத்தக்கசிவு, ஓரத்தில் ரத்தக்குழாய் மறைவது, வெளிப்பக்கம் கண் திரும்பாதது (ஆறாம் நரம்பு) எல்லாம் நிஜ வீக்கத்தின் பக்கம் சாயும் அடையாளங்கள்.

6/6-ஐ நம்பி உட்காராதீர்கள். இந்த நோயில் நடுப்பார்வை கடைசியில்தான் போகும். முதலில் குருட்டுப்புள்ளி பெரிதாகும், பிறகு மூக்குப் பக்கம் கீழே பார்வைக் களம் சுருங்கும். 8 வயதுப் பிள்ளை ஹம்ஃப்ரியில் (பார்வைக் களம் அளக்கும் கருவி) பாதியிலேயே சலித்துவிடும், முதல் ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காமல் இன்னொரு நாள் மறுபடி செய்யுங்கள். ஓ.சி.டி.யில் (விழித்திரை அடுக்குகளை அளக்கும் ஸ்கேன்) நரம்பிழைத் தடிமன் குறைந்தால் உடனே சந்தோஷப்படவும் முடியாது. வீக்கம் வற்றினாலும் குறையும், நரம்பு செத்தாலும் குறையும். கேங்லியன் செல் அடுக்கையும் (விழித்திரையின் நரம்புச் செல்கள்) சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

மருந்துக்கணக்கு

பூப்பு வயதுக்கு முன், ஒல்லிப் பிள்ளைக்கு வந்தால் காரணம் இல்லை என்று சீக்கிரம் முடிவுகட்டாதீர்கள். குண்டானவர்களுக்கும் பெண்களுக்கும் அதிகம் வரும் என்ற கணக்கு வளரிளம் வயதுக்குப் பிறகு பொருந்துவது. ‘ஏதாவது மருந்து சாப்பிடுகிறானா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: டாக்சிசைக்கிளின், மினோசைக்கிளின், வைட்டமின் ஏ, மீன் ஈரல் எண்ணெய், வளர்ச்சி ஹார்மோன் ஊசி, திடீரென நிறுத்திய ஸ்டீராய்டு. ஹீமோகுளோபின், கால்சியம், பாஸ்பரஸ், தைராய்டு பாருங்கள். முக்கியமாக பி.பி., சரியான அளவு கஃப் வைத்து. பி.பி. எகிறினாலும் இரண்டு டிஸ்க்கும் வீங்கும்.

தொடக்க டோஸ்: ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 15–25 மி.கி., இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. 24 கிலோவுக்கு 250 மி.கி. காலை, இரவு கொடுத்தால் ஏறத்தாழ 21 வரும். போதாவிட்டால் மூன்று வேளை. எஸ்.ஆர். (மெதுவாகக் கரையும்) கேப்ஸ்யூலைப் பொடிக்கக் கூடாது, சாதாரண மாத்திரையை எழுதுங்கள். விரல் நுனி மதமதப்பு வரும், பசி குறையும், சோடா சப்பென்றிருக்கும். இவற்றை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீட்டில் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். பைகார்பனேட், பொட்டாசியம் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும், இல்லையென்றால் சிறுநீரகக் கல். வெளிப்படையான பார்வைக் குறைவு இல்லாதவரை ஸ்டீராய்டு பக்கம் போக வேண்டாம். ஸ்டீராய்டை நிறுத்தும்போது பிரஷர் திரும்ப ஏறும்.

பீடியா_பிஜி

பி.பி. 98/60. எம்.ஆர்.வி. நாளை மறுநாள்தான் கிடைக்கும். பி-ஸ்கேன் இன்று செய்தாயிற்று, டிரூசன் இல்லை. வலது டிஸ்க் ஓரத்தில் ரத்தக்கசிவு உண்டு. அதுவரை மாத்திரையைத் தொடங்காமல் இருப்பதா?

நியூரோ_கிருஷ்ணகிரி

வேண்டாம், இன்றே தொடங்குங்கள். அடைப்பாகவே இருந்தாலும் டயமாக்ஸ் குறுக்கே நிற்காது. ஆனால் எம்.ஆர்.வி.யை நாளை மறுநாள் வரை விடாதீர்கள், ரேடியாலஜியில் நேரில் பேசி அவசரமாக வாங்குங்கள். பார்வை ஒரு வரி குறைந்தாலும் அன்றைக்கே நியூரோசர்ஜனையும் கண் அறுவை நிபுணரையும் கூப்பிடுங்கள். அப்போது ஷன்ட் (மூளைநீரை வடிக்கும் குழாய்) அல்லது பார்வை நரம்பின் உறையைத் திறப்பதுதான் வழி, மாத்திரை ஏறும்வரை கண் காத்திருக்காது.