ஹட்டனில் குடியேறுபவர்களுக்கு: காபி ஃபில்டரும் காமன் கூத்தும்

கேள்வி: வணக்கம். தஞ்சாவூரிலிருந்து வீடமைப்புத் திட்ட வேலைக்காக இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம், தனியாகத்தான் இருக்கிறேன். நல்ல ஃபில்டர் காபிக்கு என்ன வழி? மாலை ஏழு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடுகிறது. பாட்டு, நாடகம், கச்சேரி என்று பார்க்கக் கேட்க ஏதாவது உண்டா?

பதில்:

தம்பிக்கு வணக்கம். நான் கும்பகோணத்துக்காரி. திருமணமாகி ஹட்டனுக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். மாமியார் 30 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. இங்கே பாட்டும் கூத்தும் டிக்கெட் விற்கும் இடத்தில் இல்லை. யாராவது உங்கள் கையில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கொடுத்து உட்காரச் சொல்லும் இடத்தில்தான் இருக்கின்றன.

காபியை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபில்டர் காபியை வீட்டில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பித்தளை ஃபில்டரையும் தூளையும் கொண்டு வாருங்கள். தூளைக் கால் கால் கிலோவாகப் பிரித்துக் கட்டி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். இங்கே மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். திறந்து வைத்த தூள் ஒரு வாரத்தில் மணம் இழந்து கட்டிபட்டுவிடும். இன்னொன்று, ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நூறு பாகையை எட்டுவதற்கு நான்கு பாகை முன்பே தண்ணீர் கொதித்துவிடும். தஞ்சாவூரில் செய்வதுபோல் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் டிகாக்‌ஷன் வெளுத்துப்போகும். தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றிவிடுங்கள். பாலுக்குக் கடைப் பால்மாவை நம்பாதீர்கள். தோட்டங்களில் மாடு வைத்திருப்பவர்கள் பலர் உண்டு. பக்கத்தில் விசாரித்தால் காலையில் போத்தலில் பால் வந்துவிடும்.

கடையில் 'கோப்பி' என்று கேட்டால் வருவது வேறு பானம். தூளைக் கொதிநீரில் போட்டுத் தெளியவைத்துத் தருவார்கள். இஞ்சியும் மல்லியும் சேர்ப்பதும் உண்டு. அதை நம் காபியோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல வேண்டாம். மழை நாளில் தொண்டைக்கு அது மிகவும் இதமானது.

கோப்பி என்ற அந்தச் சொல்லுக்கு இந்த மலையில் எவ்வளவு ஆழமான வேர் இருக்கிறது என்று எனக்கு வந்த புதிதில் தெரியாது. மாமியார் அரிசி புடைக்கும்போது ஒரு நாட்டார் பாடலை முணுமுணுப்பார். கோப்பிக் கன்று நட்ட மலை, அண்ணனைப் பறிகொடுத்த மலை, அதோ தெரிகிறது பார் என்று போகிற பாட்டு. கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை மட்டுமே நிற்கும் மலையில் கோப்பி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எங்கள் பாட்டியே கோப்பிச் செடியைப் பார்த்ததில்லை. பாட்டை மட்டும் விடாமல் வைத்திருக்கிறோம்" என்றார்.

இந்த மலைகளில் முதலில் பயிரானது கோப்பிதான். 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய தோட்டங்களுக்காகத்தான் நம் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துச் சனங்கள் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் ஏராளம். பாட்டில் வரும் அண்ணனை நான் அவர்களில் ஒருவராகவே நினைத்துக்கொள்கிறேன். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் அழிந்துபோயின. நோய் காண்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். நாம் இன்று பார்க்கும் பச்சை அங்கிருந்து பரவியதுதான். செடி அழிந்தது, தோட்டக் கணக்குப் புத்தகங்களும் மக்கிப்போயிருக்கும். கோப்பியை இன்றுவரை காப்பாற்றி வைத்திருப்பது எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் பாட்டு. இத்தகைய பாடல்களை மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகத் தேடித் தொகுத்தார். ஹட்டன் புத்தகக் கடைகளிலும் நூலகத்திலும் மலையக இலக்கியம் என்று கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் மாலைப் பொழுதுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

இனி தேநீர். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

வேலை நிமித்தம் லயங்களுக்குப் போவீர்கள். யார் வீட்டு வாசலில் நின்றாலும் "இருங்கள், தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்" என்பார்கள். "இல்லை, நான் காபிதான்" என்று சொல்லிவிடாதீர்கள். நமக்கு அது சாதாரணப் பேச்சு. அவர்களுக்கு அப்படி இல்லை. லயத்து வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் வாசலோடு திரும்பியவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். சாதிக்காக மறுத்தவர்களும் உண்டு, அந்தஸ்துக்காக மறுத்தவர்களும் உண்டு. நீங்கள் என்ன காரணத்துக்காக மறுத்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தாங்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். அரைக் கோப்பையாவது வாங்கிக் குடியுங்கள்.

தருவது பெரும்பாலும் பிளேன்டீ, பால் இல்லாத தேநீர். என் மாமியார் தருவதைச் சொல்கிறேன். இஞ்சியைத் தோலோடு நசுக்கிக் கோப்பையில் போடுவார். துணி வடியில் தேயிலையை வைத்து, மேலிருந்து கொதிநீரை ஒரே வீச்சாக ஊற்றுவார். சாயம் செம்பு நிறத்தில் இறங்கும். சீனியைக் கோப்பையில் கலக்க மாட்டார். உங்கள் உள்ளங்கையை நீட்டச் சொல்லி அதில் ஒரு கரண்டி சீனி வைப்பார். கருப்பட்டி இருந்தால் ஒரு துண்டு. அதை நாக்கில் தொட்டுக்கொண்டு, கசப்பாக ஒரு வாய், இனிப்பாக ஒரு வாய் என்று குடிக்க வேண்டும். கோப்பையை நீட்டும் அவர் விரல்களைப் பாருங்கள். ஆள்காட்டி விரலிலும் கட்டை விரலிலும் கொழுந்துக் கறை வெடிப்புகளுக்குள் கறுப்புக் கோடாக ஓடியிருக்கும். வேலையை விட்டு ஒன்பது ஆண்டாகியும் அது போகவில்லை. எத்தனையோ நல்ல கோப்பைகளில் தேநீர் குடித்திருக்கிறேன். அந்தக் கையிலிருந்து வாங்கிக் குடித்த தேநீரின் ருசி எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

அந்தக் கோப்பையோடு உட்காரும்போது பேச்சில் ஒரு கவனம் வேண்டும். "நீங்களும் நம்ம ஊர்க்காரர்கள்தானே" என்று அன்பாகத்தான் சொல்ல வரும். சொல்லாதீர்கள். 1948இல் இவர்களின் குடியுரிமையைப் பறித்ததே 'நீங்கள் இந்த நாட்டவர் இல்லை' என்று சொல்லித்தான். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கும் தங்கை இலங்கைக்குமாகப் பிரிந்தார்கள். 2023இல், இங்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்து வந்தார்கள். இந்த மண்ணில் தங்களுக்குள்ள உரிமையைச் சொல்லத்தான் அந்த நடை. மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். உங்கள் பாட்டனார் எந்த ஊர் என்று அவர்களாகவே பேச்செடுத்தால் அப்போது பேசுங்கள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல் எங்காவது காதில் விழும். அது வசவு, உங்கள் வாயில் வரவே கூடாது.

நீங்கள் தஞ்சாவூர் என்றதால் இதையும் சொல்ல வேண்டும். உங்கள் ஊரிலிருந்து வந்த கோ. நடேசய்யர்தான் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலம் அது. துணி வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போனார் என்பார்கள். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதிப் பாடிச் சனங்களைக் கூட்டுவார். ஹட்டன் கடைவீதியில் நடக்கும்போதெல்லாம், இங்கே அந்த அம்மாளின் குரல் கேட்டிருக்கிறது என்று எனக்கு மெய் சிலிர்க்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு இடங்கள். கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. டெய்லரின் பொருள்களும் பெரிய பெரிய இயந்திரங்களும் அங்கே உண்டு. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லய அறைகளுக்குள்ளேயே தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கம்பளைக்குப் போங்கள். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ் உண்டு, படியேறும் வழியெல்லாம் இரவு முழுக்கத் தேநீர்க் கடைகள்.

கேள்வி: மிக்க நன்றி அக்கா. பிளேன்டீ குடிக்கத் தொடங்கிவிட்டேன். வேலைத்தளத்தில் ஓர் அண்ணன் தன் தோட்டத்தில் நடக்கும் காமன் கூத்துக்கு அழைத்திருக்கிறார். அறிமுகம் இல்லாதவன் போகலாமா? என்ன கொண்டு போக வேண்டும்?

பதில்:

கட்டாயம் போங்கள். அவர் அழைத்தது உங்களுக்குக் கிடைத்த மரியாதை.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் வாக்கில் காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் முடியும். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் சற்று மாறும். சிவன் மன்மதனை எரித்த கதைதான். நம் தஞ்சாவூர்ப் பக்கம் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடுவார்களே, அதே கதை. நான் ஊரில் லாவணியைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. இங்கே பகலில் கவ்வாத்து வெட்டிய பிள்ளைகள் இரவில் ரதியாகவும் மன்மதனாகவும் ஆடுகிறார்கள். ரதியாக ஆடுபவரும் ஆண்தான். நாள்கணக்கில் விரதம் இருந்து ஆடுகிறார்கள். அதனால் களத்துக்குள் செருப்போடு கால் வைக்காதீர்கள். முதல் ஆண்டு நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு அப்படியே உள்ளே போய்விட்டேன். யாரும் திட்டவில்லை, ஒரு பெரியவர் வந்து என் கால்களைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். அதை நினைத்தால் இன்றும் மனம் குறுகுகிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டனைச் சுற்றியுள்ள டிம்புள தேயிலைப் பகுதியில் காய்ந்த காற்றும் குளிர்ந்த இரவும். ஆண்டின் மிகச் சிறந்த தேயிலை இறங்குவது அப்போதுதான். கூத்தும் அதே குளிரில்தான் நடக்கிறது. பனியில் தப்பு என்னும் பறையின் தோல் தளர்ந்துவிடும். நடுச்சாமத்தில் தப்புக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, வைக்கோல் தீயில் தோலைக் காட்டி, விரலால் சுண்டி நாதம் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பெண்கள் பெரிய கேத்தலில் இஞ்சித் தேநீரைக் கொண்டுவந்து அவர்களுக்குத்தான் முதலில் ஊற்றுவார்கள். ஒரு காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் எழுப்ப அடித்ததும் தப்புதான். இன்றும் சாவு வீட்டில் அடிப்பதும் அதுதான். தோட்டத்துத் தொரைமாருக்காக அடித்த தப்பை அந்த ஓர் இரவில் தங்களுக்காக அடிக்கிறார்கள். சூடேறிய தப்பு மறுபடி முழங்கும்போது மலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து எதிரொலி வரும். அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பணம் கொடுக்க முயலாதீர்கள். ஒரு கிலோ சீனியும், இஞ்சியும், இரண்டு பாக்கெட் தேயிலையும் வாங்கி அந்த வீட்டு அம்மாவின் கையில் கொடுங்கள். கம்பளியும் காதை மூடும் தொப்பியும் வேண்டும். மன்மதன் எரிந்த பிறகு ரதியின் ஒப்பாரி தொடங்கும். நம் வீடுகளில் கேட்ட அதே மெட்டு, பெண்களெல்லாம் அழுவார்கள். பாதிப் பேர் தூங்கப் போய்விடும் நேரம் அது. நீங்கள் எழுந்துவிடாதீர்கள். காமனுக்கு உயிர் கொடுத்து எழுப்பும் வரை இருந்து, விடியற்காலைத் தேநீரையும் குடித்துவிட்டு முதல் பஸ்ஸில் வாருங்கள்.