என்ஐஎஸ்-2 வரம்பைப் பார்க்க உருப்படியான டூல் எது?

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் என்ஐஎஸ்-2 சைபர் பாதுகாப்பு விதிகளுக்குள் ஒரு நிறுவனம் வருமா என்று பார்க்கும் மென்பொருள் தேவை. ஜெர்மனி அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ-யின் தளத்தில் இலவசக் கேள்விப்பட்டியல் இருக்கிறது. தனி நிறுவனத்துக்கு அது போதும். சிக்கல் குழும நிறுவனங்களில்தான். 38 பேர் வேலை செய்யும் கம்பெனியில் தாய் நிறுவனத்துக்கு 60% பங்கு என்றால், பொதுவாகத் தாயின் ஆட்களையும் முழுசாகக் கூட்ட வேண்டும். 30% என்றால் அந்த விகிதத்துக்கு மட்டும். 38-ஐ மட்டும் வாங்கிக்கொண்டு, 50 பேர் என்ற வரம்புக்குக் கீழே, விதிகள் பொருந்தாது என்று சொல்கிற டூல் வேண்டாம். டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும்) சேவை தருபவர்களுக்கு ஆள் கணக்கே கிடையாது, அதையும் பிடிக்க வேண்டும்.

பங்கு விகிதத்தை உள்ளிட்டால், எந்தப் பிரிவின்படி முடிவு வந்தது என்று காட்டுகிற டூல் யாருக்காவது தெரியுமா? எக்ஸெல் டெம்ப்ளேட் ஆனாலும் சரி.