கட்டுச்சோறு அக்கரையில்

குழு: காரைநகர்ப் பரம்பரை

வியாழன், இரவு 8.12

மதுரா: சனிக்கிழமை வட இங்கிலாந்துக் கரையில் இருக்கும் லிண்டிஸ்பார்ன் தீவுக்குப் போகிறோம். கடல் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டேன். காலை 10.35 வரைக்கும்தான் தாம்போதியைக் கடக்கலாம். பிறகு மாலை 3.50 வரை பாதை தண்ணீருக்குள் இருக்கும். நியூகாசிலில் இருந்து ஒன்றேகால் மணி நேர ஓட்டம். 8.30க்கு எல்லோரும் புறப்பட்டிருக்க வேண்டும். செல்வம் மாமா, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

செல்வம்: ஏன் பிள்ளை, என் பெயரை மட்டும் தனியாக எடுக்கிறாய்?

கௌரி: அவளுக்கு மாமாவைத் தெரியும்.

பரமேஸ்வரி: அங்கே பாலம் இல்லையா?

மதுரா: இல்லை அம்மம்மா. 1954இல் வந்த பாதை. தரையோடு தரையாகத் தார் போட்டிருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு தடவை கடல் அதன் மேல் ஏறி இறங்கும்.

பரமேஸ்வரி: வற்றுக்குப் போய், பெருக்குக்கு அங்கே நின்று, அடுத்த வற்றுக்கு வருகிறோம். இதற்கு ஏன் இவ்வளவு எழுத்து?

செல்வம்: 10.35 என்று போட்டிருந்தால் 11 மணி வரை போகலாம். இவர்கள் எப்போதும் கொஞ்சம் முன்கூட்டித்தான் போடுவார்கள்.

ரவி: தம்பி, உன்னைப் போல எண்ணுகிறவர்களுக்காகத்தான் பாதை நடுவில் தூண்களின் மேல் வெள்ளை மரக்குடில் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். காரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அதில் ஏறிக் குந்தியிருக்க வேண்டும். பக்கத்துச் சீஹவுசஸ் துறைமுகத்தில் இருந்து உயிர்காப்புப் படகு வரும். காப்புறுதிக்காரனுக்கு என்ன கதை சொல்வாய்?

செல்வம்: லண்டனில் இருந்துகொண்டு எனக்குக் கடல் படிப்பிக்கிறீர்களா அண்ணா?

கௌரி: நம்மிடம் நேஷனல் டிரஸ்ட் அட்டை இருக்கிறது. டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை அல்லவா?

மதுரா: கோட்டைக்கு அது போதும் மாமி. பழைய கிறிஸ்தவ மடத்தின் இடிபாடு இங்கிலிஷ் ஹெரிடேஜ் கையில் இருக்கிறது. அதற்கு வேறு அட்டை.

கௌரி: கையளவு தீவுக்கு இரண்டு அட்டையா?

ரவி: இரண்டும் வேறு வேறு அறக்கட்டளைகள். நேஷனல் டிரஸ்ட் 1895இல் தொடங்கியது. மற்றது அரசாங்கத்தின் கையில் இருந்து 2015இல்தான் பிரிந்தது. வாசலில் நிற்கும் பிள்ளையோடு சண்டைக்குப் போகாதீர்கள். நான் ஒரு முறை போய் வெட்கப்பட்டவன்.

கௌரி: சாப்பாடு என் பொறுப்பு. புரட்டாதிச் சனி என்பதால் எல்லாம் மரக்கறி. ரோல்ஸ் நாற்பது, முட்டை இல்லாமல் மாக்கரைசலில் தோய்த்தது. புளிச்சாதம், கத்தரிக்காய்ப் பொரியல். எல்லாவற்றையும் எங்கள் காரில் ஏற்றுகிறேன். மதுராவின் காரில் என் மாமி வசதியாக இருக்கட்டும்.

சனி, காலை 10.14

மதுரா: நாங்கள் தாம்போதியில் இறங்கிவிட்டோம். இரண்டு பக்கமும் ஈர மணல். பழைய யாத்திரிகர் பாதைக்கு நட்ட தடிகள் தூரம் வரைக்கும் வரிசையாகத் தெரிகின்றன. நீங்கள் எங்கே?

சுதன்: மோர்பெத் தாண்டி ஏ1 நெடுஞ்சாலையில். இங்கே ஒற்றைப் பாதை. முன்னால் டிராக்டர்.

மதுரா: ஏன் இவ்வளவு பின்னால் நிற்கிறீர்கள்?

சுதன்: அப்பா கோப்பி குடிக்க நிறுத்தினார். பிறகு கோப்பிக்குச் சீனி போட மறந்துவிட்டது என்று திரும்பப் போனார்.

காலை 10.58

சுதன்: தாம்போதி தொடங்கும் பீல் கரைக்கு வந்துவிட்டோம். பாதை இல்லை.

மதுரா: இல்லை என்றால்?

சுதன்: அலை ஒன்றும் அடிக்கவில்லை. தண்ணீர் இரண்டு பக்கத்தில் இருந்தும் சத்தமில்லாமல் வந்து ரோட்டின் நடுவில் சேர்ந்துகொள்கிறது. வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு துண்டுப் பாசி மிதந்து போகிறது. பக்கத்தில் பெரிய அறிவிப்புப் பலகை, மூழ்கிய காரின் படத்தோடு.

செல்வம்: கணுக்கால் அளவு கூட இல்லை. ஒரே மூச்சில் ஓட்டினால்…

பரமேஸ்வரி: செல்வம், காரைத் திருப்பு.

சுதன்: திருப்பிவிட்டார் அப்பம்மா.

ரவி: 60 வயதுத் தம்பியிடமும் ஒரு வரியில் வேலை நடக்கிறது.

நண்பகல் 12.20

மதுரா: மடத்தைப் பார்த்தோம். கோபுரம் விழுந்த பிறகும் மேலே ஒரே ஒரு கல் வளைவு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது, வானவில் போல. 635இல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் இருந்து வந்த ஏய்டன் துறவி தொடங்கிய மடம். 793இல் வைக்கிங்குகள் வந்து கொள்ளையடித்தார்கள். இப்போது நிற்கும் சுவர்கள் அதற்குப் பிந்தியவை.

ரவி: அங்கே எழுதிய சுவிசேஷ நூல் இங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சுமார் 1300 வருடத்து நிறம், நேற்றுப் பூசியது போல இருக்கும். எனக்கு டியூப்பில் நான்கு நிறுத்தம். நீங்கள் கடலோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

மதுரா: கோட்டைக்குப் போகும் வழியில் கவிழ்த்து வைத்த மீன் வள்ளங்கள். ஹெரிங் பிடித்த பழைய வள்ளங்களைக் கவிழ்த்து, தார் பூசி, கதவு வைத்துக் கொட்டில் ஆக்கியிருக்கிறார்கள். அம்மம்மா ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நகர மறுக்கிறார்.

பரமேஸ்வரி: பலகை இணைப்பைப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. அப்பா இருந்திருந்தால் அரை நாள் நின்றிருப்பார். நாங்கள் உடைந்த வள்ளத்தை அடுப்புக்குத்தான் கொடுத்தோம்.

மதுரா: கோட்டையும் பார்த்தாயிற்று. மடத்தை மூடியபின் அதன் கற்களைக் கொண்டு 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1900களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகை முதலாளிக்காக அதை வீடாக மாற்றியவர் லட்யன்ஸ்.

ரவி: புது டெல்லியைக் கட்டிய லட்யன்ஸா?

மதுரா: அவரேதான். டெல்லியில் அவ்வளவு பெரிதாகக் கட்டியவர் இங்கே மனிதர் தலை இடிக்கும் வாசல்களாக விட்டிருக்கிறார். எதிரே வயல் நடுவில் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜெக்கில் 1911இல் போட்ட தோட்டம். நான்கு சுவர், அவ்வளவுதான். அதற்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிடுகிறது.

கௌரி: மாமி சாப்பிட்டாரா?

மதுரா: அதைக் கேட்காதீர்கள். கடையில் நண்டு சாண்ட்விச். ஸ்கோனில் முட்டை இருக்கிறதா என்று விசாரித்தோம். இருக்கிறதாம். கடைசியில் ஒரு தட்டு சிப்ஸ்.

பரமேஸ்வரி: சனி பகவானுக்கு உருளைக்கிழங்கு விரதம்.

பிற்பகல் 1.45

கௌரி: நாங்கள் இந்தக் கரையில், பாம்பரோ ஊரில். கோட்டை வாசலில் நேஷனல் டிரஸ்ட் அட்டையை நீட்டினேன். சிரித்தார்கள். இது தனியார் கோட்டை, 1894இல் ஆம்ஸ்ட்ராங் பிரபு வாங்கியது. இரண்டு அட்டையும் இங்கே செல்லாது.

செல்வம்: டிக்கெட் எடுக்கவில்லை. கடற்கரையில் இருந்து பார்த்தால் இலவசம். பார்க்க வேண்டிய பக்கமும் அதுதான்.

சுதன்: கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகத்துக்குப் போனோம். இதற்கும் கட்டணம் இல்லை. 1838இல் புயலில் போர்பார்ஷயர் கப்பல் பாறையில் உடைந்தபோது, கலங்கரை விளக்கக்காரரும் அவருடைய மகள் கிரேஸும் துடுப்புப் போட்டுப் போனார்கள். மகளுக்கு 22 வயது. ஒரே தடவையில் எல்லோரையும் ஏற்ற முடியாது, ஆகவே இரண்டு தடவை. பாறையில் இருந்த ஒன்பது பேரைக் காப்பாற்றினார்கள். அந்தப் படகே உள்ளே இருக்கிறது. நான் அதை இன்னும் பெரிதாக எண்ணியிருந்தேன். சும்மா ஒரு வள்ளம்.

பரமேஸ்வரி: அந்தப் பிள்ளை பிறகு?

சுதன்: நான்கு வருடத்தில் காசநோயில் போய்விட்டார் அப்பம்மா. 26 வயது.

பரமேஸ்வரி: தண்ணீர் விட்டுவிட்டது. நோய் விடவில்லை.

செல்வம்: உண்டியலில் இருபது பவுண்ட் போட்டேன். உயிர்காப்புப் படகுக்காரர்களுக்கு.

ரவி: காலையில் அவர்களுக்கு நீ கொடுக்கப் பார்த்த வேலைக்குக் கூலி.

மாலை 3.40

மதுரா: தீவுப் பக்கத்துப் பாதை முனையில் நிற்கிறோம். தண்ணீர் வடிகிறது. தூரத்து மணல்திட்டில் சீல்கள் ஏறிவிட்டன. ஊளையிடுகின்றன, கேளுங்கள், குரல் பதிவு அனுப்புகிறேன். மேலே பிரென்ட் வாத்துக் கூட்டம். குளிருக்கு வடதுருவப் பக்கத்து ஸ்வால்பார்டில் இருந்து இங்கே வருபவை.

ரவி: கேட்டேன். கோவிலில் சங்கு ஊதப் பழகுகிற பையனைப் போல இருக்கிறது.

மாலை 4.09

செல்வம்: கடந்துவிட்டோம். 3.50க்குப் பிறகுதான் இறங்கினேன், மதுரா. அட்டவணையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பரமேஸ்வரி: முதலில் பெட்டியைத் திற.

மாலை 4.31

பரமேஸ்வரி: கௌரி, நாற்பது ரோல்ஸ் என்று எழுதினாய். இதில் பத்தொன்பதுதான் இருக்கிறது.

கௌரி: எண்ணித்தான் அடுக்கினேன் மாமி. பாம்பரோவில் நான் ஒன்று, இவர் இரண்டு.

செல்வம்: சுதன்?

சுதன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது