திருச்சி மலைக்கோட்டையில் குகைக் கோயில் எங்கே இருக்கிறது?

தெம்பனிஸ்வாசி:
வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் திருச்சி போகிறோம். மலைக்கோட்டைக்கு ஒரு காலைப்பொழுதுதான் ஒதுக்க முடியும். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகனுக்கு வரலாறு என்றால் உயிர். அம்மாவுக்கு முட்டி வலி. அங்கே பழைய குகைக் கோயில் இருக்கிறதாமே, எந்தப் பக்கம்?

ஈசூன்காரன்:
உச்சிப் பிள்ளையாருக்கு 417 படி. தாயுமானவர் சன்னதியைத் தாண்டி மேலே ஏறும்போது பக்கத்திலேயே குகை வரும். பாதிப் பேர் மூச்சு வாங்கிக்கொண்டே அதைக் கடந்து போய்விடுகிறார்கள், எனக்கு மனசே ஆறாது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சிவன் கோயில், லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர்.

உள்ளே மேற்குச் சுவரில் கங்காதரர். சிவன் சடையின் ஒரு புரியைக் கையால் பிடித்துக் கங்கையை ஏற்கிறார். வலது காலைக் கீழே ஒரு பூதகணம் தாங்குகிறது. நம்ம சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கோபுரம் செங்கல்லும் சுதையும் சேர்த்துச் சேர்த்து எழுப்பியது. இங்கே எதையும் சேர்க்கவில்லை. வேண்டாத பாறையை வெட்டி எடுத்ததும் மிச்சம் நின்றதுதான் தூண், சுவர், சாமி எல்லாம். உளி ஒரு இடத்தில் தவறினால் ஒட்டவைக்க வழியில்லை. தம்பியிடம் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

சிற்பத்தின் இருபுறமும் கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு. "பூமியில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழர் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று சிவன் கேட்க, அரசன் இந்த மலைக்கோயிலைக் கொடுத்தானாம். இன்னோர் இடத்தில், காவிரியைக் கண்டு சிவன் மயங்கிவிடுவாரோ என்று பயந்து பார்வதி பிறந்தகத்தை விட்டு இங்கேயே வந்து தங்கிவிட்டாள் என்கிறது. நதி ஏற்கெனவே பல்லவனுக்குப் பிரியமானவள் என்று அவளே சொல்கிறாளாம்! அரசியலையும் பக்தியையும் இவ்வளவு அழகாகப் பின்னிய கல்வெட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. படித்துவிட்டு உச்சிக்குப் போங்கள், காவிரி தெரியும்.

தேக்கா அக்கா:
அம்மாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடிவாரத்திலேயே எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரை ஒன்று இருக்கிறது. சிவனுக்கும் பெருமாளுக்கும் எதிரெதிரே கருவறை. நடுச்சுவரில் பிள்ளையார், முருகன், பிரம்மா, சூரியன், துர்க்கை. அப்புறம் மாணிக்க விநாயகரையும் கீழேயே கும்பிடலாம்.

தெம்பனிஸ்வாசி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. அம்மாவோடு நான் கீழே இருக்கிறேன், மகனும் அவன் அப்பாவும் ஏறட்டும். எத்தனை மணிக்குப் போவது நல்லது?

ஈசூன்காரன்:
காலையிலேயே. செருப்பைக் கீழே விட்டுவிட வேண்டும். மேல்படிகள் வெட்டவெளி, வெயில் ஏறினால் கல் சுடும்.