உபுண்டு 18.04-இல் நோட் 18 ஓடவில்லை, ஜிலிப்சி 2.28 கேட்கிறது

குலசேகரத்துக்காரன்:
அண்ணன் ரப்பர் ஷீட் வாங்கும் கடை வைத்திருக்கிறார். ஷீட் எடை, ஒட்டுப்பால் எடை, அன்றைய விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி, இதையெல்லாம் பதிய நோட்.ஜேஎஸ்-இல் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் மென்பொருள், சுருக்கமாக நோட்) சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. கடையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு 18.04. நோட் பதிப்புகளை நிறுவித் தரும் என்விஎம் வழியாக நோட் 18 போட்டேன், ஏறிவிட்டது. ஆனால் 'நோட் -வி' அடித்தால் லிப்சி.எஸ்ஓ.6-இல் 'ஜிலிப்சி_2.28' இல்லை என்று நின்றுவிடுகிறது. அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் அதேதான். புது மெஷின் வாங்க அண்ணன் சம்மதிக்க மாட்டார்.

தக்கலை_லினக்ஸ்:
புது உபுண்டுவின் லிப்சி6 (ஜிலிப்சி இருக்கும் பொதி) டெப் ஃபைலை இறக்கி, டிபிகேஜி என்ற நிறுவும் கட்டளையில் போடு மக்கா. தீர்ந்தது.

வேளிமலை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம், நோட்டுக்கு மட்டும் உள்ளது அல்ல. எல்எஸ், சூடோ, பாஷ் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. வேறு பதிப்பின் லிப்சியைத் திணித்து அது பாதியில் நின்றால், திருத்துவதற்கு ஒரு கட்டளைகூட ஓடாது. அப்புறம் லைவ் பென்டிரைவ்தான் கதி.

உங்கள் நோட்டில் கோளாறு இல்லை. 18.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.27. நோட் 18 முதல் அதிகாரபூர்வக் கட்டமைப்புகளுக்குக் குறைந்தது 2.28 வேண்டும். எத்தனை முறை போட்டாலும் இதே பிழைதான் வரும். 'எல்டிடி --வெர்ஷன்' அடித்துப் பாருங்கள், எண் தெரியும்.

நோட் 16 அந்த மெஷினில் ஓடும். ஆனால் அதற்கான ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதோடு உங்கள் நிரல் ஃபெட்ச் (நெட்டிலிருந்து தரவு எடுக்கும் செயற்கூறு) பயன்படுத்தினால் 16-இல் அது இயல்பாகக் கிடைக்காது, 18-இல்தான் வந்தது. அதனால் நோட் திட்டத்தின் 'அன்அஃபிஷியல் பில்ட்ஸ்' தளத்தில் 'ஜிலிப்சி-217' என்று முடியும் 18-ஐ எடுங்கள். பழைய லினக்ஸுக்காகவே கட்டியது. விரித்து /ஓப்ட்-இல் வைத்தால் போதும். நிரலுக்கு வேண்டிய துணைப் பொதிகள் இருக்கும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரை மட்டும் லேப்டாப்பிலிருந்து காப்பி செய்ய வேண்டாம். கடை மெஷினிலேயே 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளை கொடுத்து அவற்றை நிறுவுங்கள்.

உண்மையான தீர்வு உபுண்டு 22.04-க்குப் போவதுதான், அதில் ஜிலிப்சி 2.35 இருக்கிறது. 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு நின்றது. பாக்கிக் கணக்கு இருக்கும் மெஷின், பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் நெட்டில் கிடக்கக் கூடாது. அப்கிரேடு செய்தால் 20.04 வழியாகத்தான் போக வேண்டும். நம் ஊர் மழையில் பாதியில் கரண்ட் போனால் வம்பு, யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். தரவை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே எனக்குப் பிடித்த வழி.

குலசேகரத்துக்காரன்:
ஃபெட்ச் இருக்கிறது, அதனால் 217 எடுத்தேன். ஓடுகிறது, நன்றி அண்ணா. மழைக்காலத்தில் பால்வெட்டு குறையும்போது 22.04 போடுகிறேன். இன்னொன்று: மெஷின் ஆன் ஆனதும் நிரல் தானே தொடங்க, வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் @ரீபூட் போட்டேன். 'நோட்: நாட் ஃபவுண்ட்' என்கிறது. டெர்மினலில் சரியாக வருகிறதே?

வேளிமலை:
நோட் இருக்கும் இடத்தை பாத்தில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்கும் வரியை, டெர்மினல் தொடங்கும்போது படிக்கும் .பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதியிருப்பீர்கள். க்ரான் அதைப் படிக்காது. 'விச் நோட்' காட்டும் முழுப் பாதையை க்ரான் வரியில் அப்படியே எழுதுங்கள். உங்கள் ஃபைலுக்கும் முழுப் பாதை கொடுங்கள்.