கரையில் உடையாத அலை: அனிமேஷன் எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டே அறிவியல் புனைவு அனிமேஷன் செய்பவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். படத்தை முதலில் யாரிடம் காட்டினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

என் படம் 11 நிமிடம். கதை 2080-களில் நடக்கிறது. புயலில் காணாமல் போனவர்களைத் தேடி ஆளில்லாமல் கடலுக்குப் போகும் ஒரு வள்ளம், கரையிலிருந்து அதற்கு வழி சொல்லும் ஒரு சிறுமி. 2017 நவம்பர் 30-ஐ, ஒக்கி புயல் வந்த நாளை, நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. நாள்கணக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றவர்களிடமிருந்துதான் இந்தக் கதை வந்தது.

பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் கடலை உண்டாக்குவது எளிது. அதில் கடலை உருவாக்கும் ஓஷன் மாடிஃபையர் என்ற கருவியைப் போட்டு, காற்றின் வேகத்தையும் அலையின் அளவையும் கொடுத்தால் திரை முழுக்கத் தண்ணீர் புரளும். அதன் நடுவில் வள்ளத்தை மிதக்கவிட்டு அனிமேட்டிக்கை, அதாவது படத்தின் அசையும் முன்வரைவை, முடித்தேன். வள்ளத்தின் வடிவம் சரியா என்று கேட்க, முட்டத்துக்கு அடுத்த ஒரு துறைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்தார். எழுபதைத் தாண்டியவர்.

வள்ளத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. வள்ளம் கரையிலிருந்து புறப்படும் காட்சி வந்ததும், "நிறுத்து மக்கா" என்றார். "இது ஆழக்கடல் அலைல்லா. கரைக்கு வந்தா இது மடிஞ்சு விழாண்டாமா?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த மாடிஃபையர் ஆழமான கடலுக்கான கணக்கில் இயங்குவது. தரை மேடாகும்போது அலையின் அடி மெதுவாகி, தலை முந்திக்கொண்டு உடைந்து விழுவது அதில் வராது. மென்பொருளின் கையேட்டைப் படித்த எனக்குத் தோன்றாதது, கடலைப் படித்தவர் கண்ணில் உடனே பட்டது.

"பாட்டா, அப்போ வள்ளம் எப்படி இறங்கும்?" என்று கேட்டேன். வலையைக் கீழே வைத்தார். "பெரிய அலை மூணு நாலு அடுத்தடுத்து வரும். பொறவு கடல் கொஞ்சம் அமரும். அந்த நேரம் பாத்து தள்ளணும். உன் வள்ளம் அலையைப் பாக்காமலே போவுது. அது கடலுக்குப் போற வள்ளமில்ல."

அன்று மாலை ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து அலைகளை எண்ணினேன், வீடியோவும் எடுத்தேன். அந்த 9 விநாடிக் காட்சியை அடியோடு மாற்றினேன். விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படம், என்ற கணக்கில் மொத்தம் 216 பிரேம். ஒவ்வொரு படமும் இரண்டு பிரேமுக்கு நிற்கும்படி 108 படங்கள். பிளெண்டரிலேயே கையால் வரைய உதவும் கிரீஸ் பென்சிலில் நுரையை ஒவ்வொன்றாக வரைய மூன்று வாரம் ஆனது. கதையும் அங்கேதான் மாறியது. இயந்திர வள்ளம் இப்போது முதலில் கரையில் நின்று அலையை எண்ணுகிறது. அதற்கு அறிவு இருக்கிறது என்று காட்ட ஒளிரும் விளக்கோ பேசும் திரையோ தேவைப்படவில்லை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கடைசியாக அவர் கேட்டது, "அந்த வள்ளம் ஆளைக் கொண்டுவருமா?" இன்னும் முடிவு எழுதவில்லை பாட்டா என்றேன். அது உண்மை.

தக்கலையிலிருந்து:

உங்கள் 9 விநாடியைப் படித்ததும் ரெண்டருக்கு, அதாவது கணினி பிரேம்களை இறுதிப் படமாக்குவதற்கு, நான் காத்திருந்த 40 நாள் ஞாபகம் வந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். ரெண்டரை நேரடியாக வீடியோ கோப்பாகப் போடாதீர்கள். ஆனி, ஆடி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றால் அந்தக் கோப்பு திறக்காது. எனக்கு இரண்டு முறை அப்படி ஆகி, முழு இரவு வேலையும் போனது. ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாகச் சேமித்தால், நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

பிளெண்டரில் ரெண்டர் செய்ய இரண்டு வழி உண்டு: மெதுவான சைக்கிள்ஸ், வேகமான ஈவி. எது வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். 11 நிமிடம் என்றால் 15,840 பிரேம். பிரேமுக்கு 6 நிமிடம் எடுத்தால் ஒரே கணினியில் 66 நாள். 20 விநாடியில் முடிந்தால் 88 மணி நேரம். 2025-இல் ஆஸ்கார் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில், ஈவியில்தான் செய்யப்பட்டது. அதைத் தெரிந்துகொண்ட நாளில்தான் என் பழைய கணினி மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

கருங்கலிலிருந்து:

எனக்கு நடந்தது குரல் பதிவில். என் படத்தில் விண்வெளி நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் விளவங்கோடு பக்கத்துக்காரி. "பைய வா, பைய வா" என்றுதான் கலத்தை இறக்குவாள். ஒலிக்கலவை செய்துகொடுத்தவர், மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது, 'மெதுவாக' என்று மாற்றுங்கள் என்றார். மாற்றிப் பார்த்தேன். அவள் முகத்துக்கும் குரலுக்கும் ஒட்டவே இல்லை. பழையபடியே வைத்துவிட்டேன். குரல் கொடுத்தது என் அத்தை. அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டு, மழை விட்ட நேரம் பார்த்துப் பதிவு செய்தோம்.

அண்ணே, அந்தப் பெரியவரின் குரலைப் பதிவு செய்தீர்களா? வள்ளம் அலையை எண்ணும் இடத்தில் அவரே எண்ணினால் எப்படி இருக்கும்?

முதல் பதிவு எழுதியவர்:

பதிவு செய்யவில்லை தம்பி. ஞாயிற்றுக்கிழமை மைக்கோடு போகிறேன்.